பீரோவில் வைத்த தாள்

சின்னமனூர்,
புதன்கிழமை.

அன்பு மருமகள் ராமுத்தாய்க்கு உன் அத்தை எழுதுவது.

இங்கு யாவரும் நலம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்தக் கடிதத்தை அப்படித் தொடங்க முடியவில்லை. சுருளி மெல்லத் தேறி வருகிறான், அது உண்மை. நேற்று இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மற்றதைப் போனில் சொல்ல நினைத்து, இரண்டு முறை உன் எண்ணை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். கம்பம் ஷானவாஸ் வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறாராம். நீ கேட்ட சாம்பார் பொடியோடு இதையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். கவரை ஒட்டியிருக்கிறேன். டூட்டி முடிந்து தனியாக இருக்கும்போது படி.

பத்து நாளாக நீ உன் புருஷன் போனை எடுக்கவில்லை. மாத்திரையை அவனாகவே நிறுத்திவிட்டு உன்னிடம் மறைத்தான் என்று உனக்குக் கோபம். கோபத்தில் தப்பில்லை. ஆனால் நிறுத்தியது அவனல்ல, நான்.

நான் படித்த கான்வென்டில் ஒரு மதர் இருந்தார். தப்புச் செய்தவள் தப்பை முதலில் சொல்ல வேண்டும், காரணம் பிறகுதான் என்பார். அதனால் முதலில் சொல்லிவிட்டேன். காரணம் இவ்வளவுதான்.

ஆவணியில் என் மகள் வயிற்றுப் பேத்தி ஜோதிகாவின் நிச்சயம். பழனிசெட்டிபட்டியில் அவர்கள் இருக்கும் வாடகை வீட்டில் இருபது பேர் உட்கார இடமில்லை என்று நம் வீட்டில் ஏற்பாடு செய்தோம். மாப்பிள்ளை வீட்டார் உத்தமபாளையம். வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்கும் முன்பே தாய்மாமன் எப்படி இருக்கிறான் என்றுதான் பார்ப்பார்கள். சுருளியோ இரவு மாத்திரை போட்டால் காலையில் எட்டு மணிவரை அசந்து கிடப்பான். எழுந்தாலும் முகத்தில் தெளிவிருக்காது. ஒரு பத்து நாள் மாத்திரையை விடு என்றேன். டாக்டர் விடக்கூடாது என்றிருக்கிறாரே என்றான். டாக்டரா வந்து சீர்த்தட்டு எடுக்கப் போகிறார் என்று கேட்டேன். மாத்திரை அட்டையை என் கையில் கொடுத்துவிட்டான்.

ஃபிரிட்ஜ் கதவில் நீ ஒட்டிவிட்டுப் போன தாளையும் அன்றே எடுத்தேன். செல்லோ டேப் பெயிண்டைக் கெடுக்கிறது என்று உன்னிடம் முன்பே குறைபட்டிருக்கிறேன். என்னை உறுத்தியது டேப் அல்ல. தண்ணீர் பாட்டில் எடுக்க வருகிற எவரும் என் மகனின் நோயைப் படிக்கலாம் என்பதுதான். நீங்கள் இருவரும் டாக்டரோடு உட்கார்ந்து எழுதிய ஆறு வரிகள் அதில் இருந்தன. விடியும் முன்பே விழித்துப் படுத்தே கிடப்பது, சவரம் செய்யாமல் விடுவது, தோட்டத்துக்குப் போயும் வேலையைத் தொடாமல் இருப்பது என்று வரிசையாக எழுதி, இதில் மூன்று சேர்ந்து ஒரு வாரம் நீடித்தால் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று அடிக்கோடு இட்டிருந்தாய். நாலாக மடித்து பீரோவில் என் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன். சுருளி பார்த்துக்கொண்டே நின்றான். "நம்ம பாக்குறதுக்குத்தானம்மா அத ஒட்டுனா" என்றான். நான் பீரோவைப் பூட்டினேன்.

நிச்சயம் நன்றாக நடந்தது. வேட்டி சட்டையில் சீர்த்தட்டோடு அவன் முன்னால் நடந்தபோது எனக்கு இருந்த பெருமையை மறைக்க மாட்டேன். வீடியோ பார்த்து நீயும் சந்தோஷப்பட்டாய். அந்தப் பத்து நாள் ஒன்றரை மாதமாகிவிட்டது. மறுபடி ஆரம்பிக்கட்டுமா என்று ஒருமுறை அவனே கேட்டான். நன்றாகத்தானே இருக்கிறாய் என்றேன்.

பிறகு தாடி வளர்ந்தது, திட்டினேன். குளிக்காமல் சாப்பிட உட்கார்ந்தான், அதற்கும் திட்டினேன். எல்லாம் எனக்கு ஒழுங்கீனமாகத்தான் தெரிந்தது. கடைசியில் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பேச்சிமுத்து வாசலில் வந்து நின்றார். "ஆத்தா, தம்பி நாலு நாளா பந்தலுக்கடியில வந்து குத்தவச்சு உக்காந்திருக்காக. பழம் வெடிக்குது, வெட்டச் சொல்ல மாட்டேங்குறாக. நான் இருந்து என்ன ஆகப்போகுதுன்னு கேக்குறாக. எனக்குப் பயமாருக்கு" என்றார். அப்போதுதான் பீரோவைத் திறந்தேன். நின்றுகொண்டு ஒருமுறை படித்தேன், கட்டிலில் உட்கார்ந்து ஒருமுறை படித்தேன். ஆறில் ஐந்து இருந்தது.

அன்று மதியமே தேனிக்கு அழைத்துப்போனேன். மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று டாக்டர் கேட்டார். "நாந்தான் சார்" என்றான் சுருளி. வாய் திறக்கவே தெம்பில்லாத பிள்ளை அதை மட்டும் தெளிவாகச் சொன்னான். நான் பக்கத்து நாற்காலியில் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். இரவு ஸ்பீக்கர் போட்ட போனில் உன்னிடமும் அதையே சொன்னான். இனி உங்களை எப்படி நம்புவது என்று நீ கேட்டது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. அப்போதும் நான் உள்ளே போகவில்லை.

திங்கட்கிழமை தனியாக பஸ் ஏறிப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும். மாத்திரை பிடிக்க இன்னும் சில வாரம் ஆகும், நன்றாக இருக்கிற நாளிலும் நிறுத்தக்கூடாது என்றார். காலைத் தூக்கம் தொந்தரவாக இருந்தால் தன்னிடம் சொல்லலாம், அதற்கு வேறு வழி இருக்கிறது என்றார். இதை அன்றைக்கே ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். தோட்டத்துப் பூச்சிமருந்து எதுவும் அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டாம் என்றும் சொன்னார். அன்று மாலையே பேச்சிமுத்து எல்லாவற்றையும் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பூட்டிவிட்டார்.

இப்போது காலையில் அவனும் பேச்சிமுத்துவும் வாய்க்கால் வரை நடந்துவிட்டு வருகிறார்கள். சில நாள் பாதியில் திரும்பிவிடுகிறான். இரவு மாத்திரையை நானே எடுத்துக் கொடுத்து, அவன் விழுங்கும்வரை நிற்கிறேன். முந்தாநாள் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இனிமே சீர்த்தட்டுக்கு டாக்டரத்தான் கூப்பிடணும்மா" என்றான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் செய்த கேலி. நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

தாளைப் பழைய இடத்திலேயே ஒட்டிவிட்டேன். மடித்த கோடுகள் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வருகிறார்கள். தாள் இருக்கட்டுமா என்று சுருளியிடம் கேட்டேன், சரியென்று தலையசைத்தான். ஜோதிகாவிடமும் கேட்டேன். "இருக்கட்டும் அம்மாச்சி. மாமாவுக்கு மேலயா அவுக" என்றாள். கல்யாணத்தன்று அவனால் நிற்க முடியாவிட்டால் நாற்காலி போட்டு உட்காரவைப்போம்.

என்னோடு நீ பேச வேண்டாம். எத்தனை நாளானாலும் ஏன் என்று கேட்க மாட்டேன். அவன் போனை மட்டும் எடு. தினமும் ஏழு மணிக்குப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறான். எட்டு மணிக்கு சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கப் போகிறான். நான் இதை எழுதுவது அவனுக்குத் தெரியாது, தெரிந்தால் தடுத்திருப்பான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். தீர்க்கசுமங்கலியாய் இரு தாயி. எல்லாக் கடிதத்திலும் கடைசியில் எழுதுகிற வார்த்தைதான். இன்றைக்குத்தான் அதன் பொருள் தெரிந்து எழுதுகிறேன்.

உன் அத்தை,
சோணையம்மாள்.