இல்லாத வேலி

ஒக்ரோபர் 14, செவ்வாய்

முப்பது வருடத்துக்கு மேல் இராணுவத்திடம் இருந்த எங்கள் ஊர்க்காணி விடுபட்டுவிட்டது. வீடும் இல்லை, வேலியும் இல்லை, வெறும் தரை. எல்லை இதுதான் என்று நானும் பக்கத்துக் காணிக்காரரும் கையெழுத்து வைத்தால்தான் தங்கை அங்கே வீடு கட்டலாம். பக்கத்துக் காணிக்காரர் சிவராசா என்னைப்போலவே புலம்பெயர்ந்து, இப்போது இங்கே குட்மேய்ஸில் இருக்கிறார். இன்று எல்லையை எழுதிய கடிதத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

அன்பாகத் தேநீர் தந்தார். கடிதத்தை வாசித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்கட அப்பா வேலியை அரக்கி ஒரு முழம் எங்கட பக்கம் வந்தவர், தம்பி. இதில நான் கையெழுத்து வைக்க ஏலாது."

"அரக்கினது நீங்கள், அண்ணை. மாரிக்கு மாரி உங்கட வேலிக் கதியால் எங்கட வளவுக்குள்ள நடந்து வந்தது."

அவர் மேசையில் பிஸ்கட்டுகளை வரிசையாக அடுக்கிப் பழைய வேலியைக் காட்டினார். நான் ஒன்றை நகர்த்தினேன். அவர் திருப்பி வைத்தார். இப்படி இரண்டு மணி நேரம். எங்கள் இருவரின் பிள்ளைகளுக்கும் அந்த ஊரின் பெயரே சரியாகச் சொல்ல வராது.

திரும்பி வரும்போது ரயிலில் தங்கையின் அழைப்பு.

"அண்ணை, ஒரு முழம் போனாப் போகட்டும். தைக்குள்ள வாடகை வீட்டை விடச் சொல்லி வீட்டுக்காரர் நிக்கிறார்."

"நியாயம் எண்டு ஒண்டு இருக்கு" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

இப்போது ஒரு முழம் விட்டுக்கொடுத்துக் கடிதத்தைத் திருத்தி எழுதினேன். ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். பிறகு அரை முழம் என்று மாற்றினேன்.