குர்து என்றே வெட்டினோம், மச்சான்

என் பிரியமான ஹசன் மச்சானுக்கு,

நீ கண்மூடி நாற்பது நாள் ஆகிவிட்டது. என் தங்கை மரியம் இப்போதுதான் நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். உன் மகள் எங்களைத் தமிழில் கூப்பிடுகிறாள், பூனையை மட்டும் உன் பாஷையில்.

குர்து மலைநாட்டில் பிறந்து, பஸ்ராக் கப்பலில் கரி அள்ளிக்கொண்டு இரங்கூனில் வந்து இறங்கியவன் நீ. உனக்கு என் தங்கையைக் கட்டிக்கொடுத்தபோது, "அந்த மலைக் கொள்ளைக்காரனுக்கா?" என்று கேட்டவர்களில் ஒருவர்கூட அதற்குமுன் ஒரு குர்தைப் பார்த்ததில்லை. குர்துகள் கொள்ளைக்காரர்கள் என்று யாரோ வெள்ளைக்காரத் துரை சொன்னானாம். அவ்வளவுதான் அவர்கள் படிப்பு.

நாம் வேலை பார்த்த அலோன் கிடங்கில் அரிசி மூட்டைகள் காணாமல் போன அன்று மேனேஜர் விசாரிக்கவே இல்லை. காவல்காரனான உன்னை எல்லோர் முன்னாலும் நிறுத்தினார். "குர்துக்குப் பொறவியிலேயே திருட்டுப் புத்தி. வேற யாரைக் கேக்கணும்?" என்றார். நீ தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியேறினாய்.

அடுத்த மாதம் த்வாண்டே போகும் படகில் மூட்டைகளோடு பிடிபட்டவர் மேனேஜருடைய சகலை. அவர் புத்தி பிறவியிலேயே வந்ததா என்று எவனும் கேட்கவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னார்களா?

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு அதே மேனேஜர் அத்தர் மணக்க வீட்டுக்கு வந்தார். துருக்கிக்காகக் கூட்டங்களில் முழங்குகிறவர் அல்லவா!

"கபுர்ல நடுற மீசான் கல்லுல குர்துன்னு வெட்டாதீங்க தம்பி. அப்படி ஒரு இனமே கெடையாது, அவங்களும் துருக்கிக்காரங்கதான். துருக்கின்னு போடுங்க, நமக்கெல்லாம் கௌரவம்."

மூட்டை காணாமல் போனால் குர்து. கல்லில் பெயர் வெட்டினால் துருக்கி. என்ன வசதியான அறிவு!

திரைக்குப் பின்னாலிருந்து மரியத்தின் குரல் வந்தது. "திருடன்னு சொன்னப்ப இருந்த இனம், மவுத்தானதும் எங்க போச்சு? காக்கா, அவரைப் போகச் சொல்லுங்க."

அவள் அண்ணன் நான் எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். அவர் போனார்.

நேற்றுக் கல்லை நட்டோம். உன் பெயர், கீழே 'குர்து', அரபியிலும் தமிழிலும். வந்தவர்களில் நாலு பேர் முகத்தைச் சுளித்தார்கள். அந்த முகங்களுக்கு அதுதான் பொருத்தம்.

ஒன்றைச் சொல்லாமல் முடித்தால் நானும் அவர்களில் ஒருவன். உன்னைத் திருடன் என்ற அன்று, கிடங்குக் கணக்கப்பிள்ளையான நான் மூன்றடி தள்ளி வாயை மூடிக்கொண்டு நின்றேன். வேலை போய்விடும் என்று பயம். நீ அதை ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. ஏன் மச்சான்?

உன் மகளைப் பார்த்து எவனாவது அந்த வார்த்தையைச் சொன்னால், இனி அவன் முன்னால் முதலில் போய் நிற்பவன் நான். எந்த வேலை போனாலும் சரி.

உன் மகளின் மாமன்,
உன் மைத்துனன் சையது