சித்தப்பாவின் பாசல் மோட்டார் சைக்கிள்

மே 6, செவ்வாய்

மழை. குளிர். மே பிறந்துவிட்டது என்று வானத்துக்கு யாராவது சொன்னால் நல்லது. வாங்க வேண்டியவை: தயிர், சலவைத்தூள், றெஜிக்குக் காலுறை (எல்லாச் சோடியிலும் ஒன்றுதான் மிச்சம். இந்த மனிசன் கழற்றி எங்கேதான் போடுகிறாரோ).

காலையில் பிரிவுத் தலைவி அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். விஷயம்: சொந்தக்காரர், தெரிந்தவர் அலுவல்களை நான் பார்க்கக்கூடாது, பக்கத்துக் கவுண்டர் பெற்றாவிடம் கொடுத்துவிட வேண்டும். யாரோ முறைப்பாடாம். வரிசையில் இருந்தவரை விட்டுவிட்டு ஒரு தமிழ் ஆளை முதலில் எடுத்தேனாம். எடுத்தது உண்மை. நான் இந்த வாகனப் பதிவு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள எங்கள் சனத்துக்கு டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், என் குசினி லாச்சிக்குள் கிடக்கும் சாமான்.

தலைவி பண்பாகத்தான் சொன்னார். என் முகம்தான் நாள் முழுக்கச் சுட்டது.

பின்னேரம் சித்தப்பா ரெலிபோன். சுவிஸிலிருந்து மோட்டார் சைக்கிள் வந்துவிட்டதாம். பாசலில் இருக்கும் அவருடைய சிநேகிதர் ராசனுக்கு முழங்கால் ஒப்பரேஷன், இனி ஓட ஏலாது, அதனால் சித்தப்பாவுக்கு விற்றுவிட்டார். ராசனின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, ரியூவ் வாகனப் பரிசோதனையும் முடிந்தது. கடும் பச்சை நிறம். சித்தப்பா இரண்டு தரம் பெயிலாகி, ஐம்பத்தொன்பது வயதில் லைசென்ஸ் எடுத்த மனிதர். ஓகஸ்ட்டில் சின்னம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கெவலார் மாதா திருநாளுக்குப் போவாராம். "இனி நம்பர் பிளேற் மட்டுந்தான். நாளைக்கு உன்ர கவுண்டருக்கு வாறன், பிள்ளை."

தலைவி சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் சைலன்சரின் சத்தத்தை வாயால் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்ல? காலையிலேயே வாங்கோ, சனம் குறைவு என்றேன். விசரி நான்.

மே 7, புதன்

எழுதக் கை கூசுகிறது. எழுதாவிட்டாலும் நித்திரை வராது.

வந்தார். தோல் ஜக்கெற், எங்கேயோ பழைய சாமான் சந்தையில் வாங்கியது, தோள் இரண்டு பக்கமும் தொங்கியது. கையில் ஹெல்மெற். பஸ்ஸில் வந்தவருக்கு ஹெல்மெற் எதற்கு? தமிழ்க் கடைப் பொலித்தீன் பைக்குள் பத்திரங்கள். வாசலில் நின்றே, "பிள்ளை!"

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தலைவி அந்த நேரம் பார்த்துத்தானா பிரதி எடுக்கும் மெஷினடியில் நிற்க வேண்டும்? பெற்றா என் பக்கம் சரிந்து, உன்னுடைய ஆளா என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

ஒரு சொல். யோசிக்கக்கூட இல்லை. சேவல் ஒன்றும் கூவவில்லை. இலக்கப் பலகைதான் டிங் என்றது. அவருடைய இலக்கம், என் கவுண்டர்.

அவர் வாயைத் திறக்கமுன் நான் டொச்சில், ஜெர்மன் மொழியில், தொடங்கினேன். வணக்கம், பத்திரங்களைத் தாருங்கள். அவர் சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பார். "என்ன பிள்ளை, பெரிய ஒபிசர் மாதிரி…" என்று தொடங்க, நான் தலை நிமிராமல், இங்கே தயவுசெய்து டொச்சில் கதையுங்கள் என்றேன்.

அப்படி ஒரு சட்டம் எங்கள் ஒபிஸில் இல்லை. யாரும் எனக்குச் சொன்னதுமில்லை. அந்த இடத்தில் நானே உண்டாக்கினேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலைவியை. பிறகு பெற்றாவை. சிரிப்பை மெல்ல மடித்து உள்ளே வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். சுவிஸ் பதிவுப் பத்திரம், ரத்து முத்திரையோடு, சரி. விற்பனை ஒப்பந்தம், சரி. ரியூவ் அறிக்கை, சரி. சுங்கத் தாள் இல்லை. சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே. அங்கிருந்து வரும் வாகனத்தைச் சுங்கத்தில் காட்டித் தாள் எடுக்காமல் இங்கே பதிய ஏலாது. ராசனின் வானை எல்லையில் யாரும் மறிக்கவில்லை, இவர்களும் நிற்பாட்டவில்லை. இறக்குமதி என்றால் கப்பலில் வருவது என்று நினைத்திருப்பார்கள். ஒரு மாதத்துக்கு முன்னர், வாங்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோதே, நான் ரெலிபோனில் சொல்லியிருக்கலாம். மோட்டார் சைக்கிள் என்ன நிறம் என்று கேட்டேனே தவிர, இதைக் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். வேகமாக, ஒபிஸ் டொச்சில். அப்பா செத்தபிறகு மன்னாரிலிருந்து என்னை எடுத்து வளர்த்தவர் இந்த மனிதர். பதின்மூன்று வயதிலிருந்து வெளிநாட்டவர் அலுவலகம், காப்புறுதி, பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் அவருக்கும் அதிகாரிக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தது நான். எந்தச் சொல் அவருக்கு விளங்காது என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அந்தச் சொற்களையே போட்டேன்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஹெல்மெற்றை எடுத்துக்கொண்டு எழுந்தார். கவுண்டரில் ஒட்டியிருக்கும் பெயரை வாசித்து, "டாங்க ஷோன், ஃபிறவ் குரூஸ்" என்றார். நன்றி, திருமதி குரூஸ்.

மே 9, வெள்ளி

வெயில். தலையிடி. தயிர் வாங்க மறந்தது, மூன்றாம் நாளாக.

சின்னம்மா ரெலிபோன் எடுத்தா. பெயரைப் பார்த்ததும், எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஏச்சுத்தான், ஆனால் வேறு விஷயத்துக்கு. "அந்தாள் அலுவலா வரேக்கை பார்த்து லீவு எடுப்பியோ? நல்ல காலம், அங்கை இருந்த வேற ஒரு பிள்ளை மரியாதையா விளங்கப்படுத்தினதாம்."

அப்படியென்றால் நான் அங்கே இருக்கவில்லை என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார்.

ஓம் சின்னம்மா, லீவு என்றேன். அதுவும் பொய்.

இரவு சாப்பிடும்போது றெஜியிடம் சொன்னேன். போய் மன்னிப்புக் கேள் என்றார். என்ன சொல்லிக் கேட்கிறது என்றேன். "நான் ஒரு மாடு எண்டு சொல்லு. அவருக்கு விளங்கும்." கோபம் வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அவர் சொன்னது சரிதான்.

காரணங்கள் சேர்த்து வைத்திருந்தேன். தலைவி நின்றார். முறைப்பாடு. சட்டம். ஒன்றும் நிற்கவில்லை. சட்டம் கேட்டது ஒரே ஒரு வசனம்: இவர் என் சித்தப்பா, பெற்றா, நீ பார். அதைச் சொல்லியிருந்தால் தலைவியே மெச்சியிருப்பார்.

சட்டமில்லை. அந்த ஜக்கெற். அந்தப் பை. அந்தப் "பிள்ளை!" அவரை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. எழுதிவிட்டேன்.

மே 11, ஞாயிறு

தமிழ்ப் பூசை. சித்தப்பா வழமைபோல முன் வாங்கில். நான் கடைசியில், தூணுக்குப் பின்னால். நற்கருணை வாங்கப் போகவில்லை. றெஜி திரும்பிப் பார்த்தார். குருவானவரின் மைக் இன்றும் கீச்சிட்டது.

பிறகு மண்டபத்தில் தேத்தண்ணி. சித்தப்பா நாலு பேருக்கு நடுவில் மோட்டார் சைக்கிள் கதை. சைலன்சர் சத்தமும் உண்டு. கிட்டப் போனேன், சொல்லிவிடலாம் என்று. அப்போது ஒருவர் கேட்டார், உங்கட பெறாமகள் அங்கைதானே வேலை, அவவைப் பிடிச்சால் ஒரு நாளிலை முடியுமே என்று.

"சீச்சீ. அவவுக்கு அந்தக் கரைச்சல் குடுக்கக்கூடாது. வெள்ளைக்காரனுக்கு நடுவிலை தனிய இருந்து வேலை செய்யிற பிள்ளை."

சொல்லிவிட்டுத் திரும்பினார், முன்னால் நான். முகம் மாறவில்லை. தன் தட்டிலிருந்த கட்லற்றை என் கையில் வைத்து, மெலிந்துபோனாய், சாப்பிடு என்றார். சித்தப்பா, அண்டைக்கு என்று தொடங்கினேன். மழை விட்டிட்டுது என்ன என்று ஜன்னலைப் பார்த்தார். மறுபடி தொடங்கினேன். சின்னம்மா எங்கை, தேத்தண்ணி ஆறுது என்று அங்கால் போய்விட்டார்.

கட்லற்றைத் தின்றேன். வேறென்ன செய்ய?

மே 15, வியாழன்

சின்னம்மா மூலம் செய்தி. சித்தப்பா சுங்கத்துக்குத் தனியப் போனாராம். எல்லையில் ஏன் காட்டவில்லை, கள்ளமாய்க் கொண்டுவந்ததோ என்று கேட்டார்களாம். இவருக்குப் பாதி விளங்கவில்லை. பாதி நாள் இருத்தி வைத்து, நாளைக்கு வா என்று அனுப்பினார்களாம். இரவு சாப்பிடவில்லையாம். அகதியாய் வந்த முதல் வருஷம் மாதிரி இருந்தது என்றாராம். அடுத்த நாள் திரும்பப் போய், வரி கட்டி, தாள் எடுத்துவிட்டார்.

எனக்கு அந்த நாள் பின்னேரம் ஓய்வு. அலுமாரி அடுக்கினேன். அவர் சுங்கத்துக்குப் போகவேண்டி வரும் என்று எனக்குத் தெரியும், கூடப் போயிருக்கலாம். வாறன் சித்தப்பா என்று ஒரு ரெலிபோன். எடுத்தால் மற்றதைக் கதைக்க வேண்டி வருமே என்று எடுக்கவில்லை. அவர் அங்கே கள்ளன் மாதிரி இருந்திருக்கிறார்.

முடிவு: அடுத்த தரம் வரும்போது மண்டபம் முழுக்கக் கேட்கச் "சித்தப்பா" என்று கூப்பிடுவது. தலைவி நின்றாலும். பல் துலக்கும்போது கண்ணாடிக்குச் சொல்லிப் பார்த்தேன். குளியலறைக்குள் யார் என்று றெஜி கேட்டார்.

மே 20, செவ்வாய்

நல்ல வெயில். றெஜிக்குக் காலுறை வாங்கியாச்சு.

வந்தார். ஜக்கெற் இல்லை. ஹெல்மெற் இல்லை. அயன் பண்ணிய வெள்ளைச் சேட்டு, தலை படிய வாரி, கையில் புதுக் கோப்பு. என் பக்கம் பார்க்கவேயில்லை. இலக்கம் எடுத்து, ஜன்னலோரக் கதிரையில், முதுகு நிமிர.

பெற்றாவின் கவுண்டர் விழுந்தது. முதலில் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அதையும் எழுத வேண்டும்.

பெற்றா காப்புறுதி இலக்கம் கேட்டாள். அவருக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டாள், சத்தமாக. சத்தமாகச் சொன்னால் விளங்கும் என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ. அவர் தாள்களைப் புரட்டினார். பின்னால் காத்திருந்த ஒருவர் பெருமூச்சு விட்டார். பெற்றா என் பக்கம் திரும்பி, நீயும் அந்தப் பக்கம்தானே, இவருடைய மொழி தெரியுமா, கொஞ்சம் வா என்றாள்.

எழுந்தேன். சொல் வாயில் இருந்தது. உண்மையாகவே இருந்தது.

அவர் முந்திவிட்டார். பெற்றாவைப் பார்த்து, மெதுவாக, ஒரு பிழையில்லாத டொச்சில். பஸ்ஸில் வரும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்திருப்பார்.

"தேவையில்லை. இந்த அம்மாவை எனக்குத் தெரியாது. தயவுசெய்து இன்னொருக்கால் சொல்லுங்கோ, மெல்லமா."

குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு வேலையில் கரைச்சல் வரக்கூடாது என்று பார்க்கிறார்.

பெற்றா தோளைக் குலுக்கினாள். மெல்லச் சொன்னாள். அவருக்கு எல்லாம் விளங்கியது. நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன்.