மூன்று கட்டையில் ஒரு தாலாட்டு

டிசம்பர் 1, 2008. திங்கள்
விடாத மழை. சிதம்பரம் பஸ்ஸில் ஷட்டர் இறங்கவில்லை. புடவை பாதி நனைந்தது. பி.எட். வகுப்புக்கு லேட்.

நேற்று பாடகர் குழு மாஸ்டர் கூப்பிட்டார். "கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில ஒரு சோலோ உனக்கு. உன் குரலுக்கு ஏத்த பாட்டா நீயே பாத்து எடு." இன்னும் நம்ப முடியவில்லை. எட்டு வருஷம் பின்வரிசை. எல்லாப் பாட்டும் ஐந்தரைக் கட்டை சுருதி. மேலே போனால் எனக்குக் கீச்சென்று வரும். வாயை மட்டும் அசைத்த பாட்டுகளே ஜாஸ்தி.

டிச. 3
மூன்று பாட்டு பார்த்தாச்சு. ஒன்று, பல்லவியே உச்சாணியில். இன்னொன்று, ஊரே பாடுவது. மூன்றாவது எனக்கே பிடிக்கவில்லை.

கடைசியில் கிடைத்தது, பழைய பாட்டுப் புத்தகத்தில். மரியாள் பாடும் தாலாட்டு. அம்மாவுக்கு மட்டும்தான் ராகம் தெரியும். மூன்று கட்டையில் வைத்தால் இரண்டாம் சரணம் நன்றாகக் கீழே இறங்குகிறது. என் குரலுக்கு வீடு அங்கேதான்.

ஸ்டெல்லாவுக்குப் பஸ்ஸிலேயே பாடிக் காட்டினேன். ஒரே வகுப்பு, ஒரே கோவில்; அவள் முன்வரிசை. "சிலிர்த்துப்போச்சுடி சுகந்தி! இன்னொரு தடவ பாடு." புதுச்சத்திரம் வரைக்கும் பாடினேன். சந்தோஷம்.

டிச. 6, சனி
பயிற்சி. கீபோர்டு ஜெபா அண்ணனுக்கு விரல் ஒரே கட்டையில்தான் ஓடும். மீதியைச் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டன் பார்த்துக்கொள்ளும். என் மூன்று கட்டையை மெமரியில் போட்டுவைத்தார். "இனிமே ஒரு பட்டன்தாம்மா." மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார்.

குடை ரிப்பேர். மறக்காமல் கொடுக்க வேண்டும்.

டிச. 13, சனி
சிதம்பரத்தில் டெஸ்ட். பயிற்சிக்குத் தாமதம். கோவில் படியிலேயே காதில் விழுந்தது, என் பாட்டு. ஸ்டெல்லா குரல். ஐந்தரைக் கட்டை.

மாஸ்டர்: "தொண்ட எப்பிடிம்மா இருக்கு? கட்டிக்கிச்சு, பாட முடியாதுன்னு நீ சொல்லச் சொன்னதா ஸ்டெல்லா சொல்லுச்சே."

நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

"அப்பிடியா? ஆனா இது நல்லா எடுத்துக்கிச்சு. நோட்டீஸும் அடிக்கக் குடுத்தாச்சு. அடுத்த வருஷம் பாக்கலாம்மா."

ஸ்டெல்லா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம்தான் சரிசெய்வாளோ!

டிச. 15
பஸ்ஸில் வழக்கம்போல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முறுக்கு நீட்டினாள். "கோவமாடி? அவ்ளோ கூட்டத்துல நீ பயந்துடுவியேன்னுதான்..."

எனக்கா பயம்? பாட்டை வரி வரியாக இவள் காதில் ஊற்றியது நான். கூட இருந்தே கழுத்தை அறுத்துவிட்டாள். அழுகை முட்டியது. முறுக்கையும் தின்று தொலைத்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

டிச. 21, ஞாயிறு
மழை இல்லை. கோவில் நிரம்பி வாசல் வரை கூட்டம். அம்மா பட்டுப்புடவையில் வந்திருக்கிறாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

ஸ்டெல்லாவுக்கு ஐந்தரையை ஒவ்வொரு தடவையும் கையால்தான் வைப்பார் ஜெபா அண்ணன். இன்று அவசரத்தில் மெமரி பட்டனை அழுத்திவிட்டார். மூன்று கட்டை. முதல் சுரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நடுவில் நிறுத்தவா முடியும்?

முதல் சரணம் எப்படியோ ஒப்பேற்றினாள். இரண்டாவதில் குரல் வெறும் காற்று. உதடு மட்டும் அசைகிறது. திரும்பி என்னைப் பார்த்தாள். பின்வரிசையில் நான். எனக்கு அந்தச் சரணம் தண்ணீர் பட்ட பாடு. அம்மாவும் என்னையே பார்க்கிறாள்.

உதட்டை இறுக மூடிக்கொண்டேன்.

வெளியே, வேப்பமரத்தடியில் ஸ்டெல்லா. கண்ணெல்லாம் மை. "பின்னாலேருந்து நீயாச்சும் சேந்து பாடியிருக்கலாம்ல? நீயெல்லாம் ஒரு ஃப்ரெண்டாடி?"

"எனக்குத்தான் தொண்ட கட்டியிருக்கே" என்றேன்.