பின்வாசல் வழியே போன வீரக்கழல்

திரு வளர்க, மடைகள் நிறைக, நாரைக்கொடி நிழலில் வாழும் உயிரெல்லாம் நோயின்றி இருக்க. மூன்று ஆறுகளுக்கும் காவலாய் மடைமாநகரத்து அரியணையில் வீற்றிருக்கும் பேரரசி வான்மாதேவியார், வடகரை நாட்டை ஆளும் சிற்றரசர் வல்லவேட்டரையருக்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டையும் குதிரைகளும் நலமாகுக. உம் தேவியாரும் மக்கள் பதினொருவரும் நலம் பெறுக.

நீர் விடுத்த ஓலை கண்டோம். அரண்மனை மருத்துவர் மருதவாணர் கண்டறிந்த வித்தடை மருந்தை ஏற்க உம் ஆடவர் அணி திரண்டு நிற்பதாகவும், அவர்களுக்கு அணிவிக்க வீரக்கழல் ஒரு வண்டி நிறைய அனுப்புமாறும் எழுதியிருந்தீர். மருந்து வரும். கழல் வாராது. ஏன் வாராது என்று உணர, எம் படைத்தலைவர் ஏனாதி எயினங்கொற்றனாருக்கு நேர்ந்ததை நீர் அறிய வேண்டும்.

தோளில் தைத்த அம்பைத் தாமே பிடுங்கி, எய்தவன் மீதே திருப்பி எய்தவர் ஏனாதியார். அவர் மனைவி அல்லியங்கோதை முந்தைய மகப்பேற்றில் குருதி நில்லாமல் சாவின் வாசல்வரை சென்று மீண்டவர். இன்னொரு கரு அவர் உயிருக்கே உலை வைக்கும் என்று மருதவாணர் எச்சரித்திருந்தார். கருவைத் தடுக்கப் பெண்கள் குடிக்கும் கசாயமோ அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடித்த நாளெல்லாம் வாந்தியும் தலைச்சுற்றுமாய்க் கிடந்தார். அதைக் கண்டு மனம் நொந்த மருத்துவர், ஆடவர்க்கு ஒரு மருந்து கண்டார். ஊசிமுனையால் உரிய இடத்தில் ஒரு துளி பிசின் வைத்தால் போதும். பல மழைக்காலம் வித்து வெளிவராது. மகவு வேண்டுமெனில் வேறொரு துளியால் கரைத்துவிடலாம். இரண்டு நாள் வலி, சிறிது வீக்கம், அவ்வளவே.

அந்த இரண்டு நாள் வலியைக் கேட்டு எம் அவை நடுங்கியதை என்னென்போம்! பெண்களின் கசாயத்துக்கு வெற்றிலை மென்று முடிக்குமுன் இசைவு தந்த அதே சான்றோர், இதற்கு மாதக் கணக்கில் கூடிப் பேசினர். மீசை உதிருமோ என்று ஒருவர் ஐயுற்றார். குதிரை தம்மை மதிக்குமோ என்று குதிரைப்படைத் தலைவர் கவன்றார். மருந்து மிக நன்று, முதலில் யானைப்பாகர்க்குக் கொடுத்துப் பார்ப்போம் என்றார் எம் முதலமைச்சர். ஏனாதியாரோ ஊசியின் பருமனை மீண்டும் மீண்டும் கேட்டார். அம்பைவிட மிகச் சிறிது என்று மருத்துவர் பணிவுடன் உரைக்க, அம்பு சொல்லிவிட்டு வருவதில்லையே என்று மறுமொழி தந்தார்.

இறுதியில் அவையோர் தம் குறையை வெளியிட்டனர். ஊருக்குக் காட்டவொண்ணாத இடத்தில் பட்ட புண்ணால் ஆடவர்க்கு என்ன புகழ்? ஆதலால் போருக்குச் செல்வோர்க்குப் போலவே இதற்கும் வீரக்கழல் வேண்டும் என்றனர். அளித்தோம். நம் நாட்டு மரபு நீர் அறிந்ததே: கழலை அணிவிப்பது சூளுரைத்தவுடன், போர் முடிந்தபின் அன்று. அங்கேதான் வந்தது வினை.

ஏனாதியார் முதல் ஆளாகச் சூளுரைத்தார். முரசு முழங்கக் கழல் பூண்டார். மலர் தூவி மருத்துவச்சாலையின் முன்வாசலில் கொண்டு விட்டனர். மருதவாணர் ஊசியை வெந்நீரில் இட்டுத் திரும்பிப் பார்த்தபோது வீரரைக் காணோம். பின்வாசல் திறந்து கிடந்தது. இல்லம் சேர்ந்தவர் இரண்டு நாள் கட்டிலில் கிடந்து முனகினார். தம் பொருட்டு இத்துணைத் துன்பமா என்று கண்ணீர் விட்டபடி அல்லியங்கோதை ஒற்றடம் கொடுத்தார், கஞ்சி ஊட்டினார். அந்தக் கஞ்சி எப்படித்தான் அவர் தொண்டையில் இறங்கியதோ!

தலைவர் எவ்வழி, படை அவ்வழி. கழல் பூண்டோர் பலரும் பின்வாசலால் நழுவினர். எவர் உடலில் என்ன செய்தோம் என்று வெளியிடாதது மருத்துவர் அறம். ஆதலால் மருதவாணர் வாய் திறக்கவில்லை. அடுத்த கார்காலத்தில், கழல் ஒலித்த தெருவெல்லாம் தாலாட்டும் ஒலித்தது. மருந்து பழுது, மருத்துவரை நாடு கடத்துக என்று கழல் பூண்டோர் எம் வாயிலில் கூவினர். அல்லியங்கோதையும் கருவுற்றிருந்தார்.

அவை கூடியது. மருந்து பொய்க்காது என்பதற்கு மேல் மருதவாணர் ஒரு சொல்லும் கூறவில்லை. மருந்து பொய்க்காதெனில் மனையறம் பொய்த்திருக்க வேண்டும் என்றார் முதலமைச்சர். அவையின் கண்களெல்லாம் அல்லியங்கோதை மேல் பாய்ந்தன. எமக்கு வந்த சினத்துக்கு அளவில்லை. ஆயினும் அந்த அம்மை அழவில்லை, தம் கற்பின்மேல் ஆணையிடவும் இல்லை. தம் கணவர் பேசட்டும் எனக் காத்திருப்பதாக மட்டும் சொன்னார்.

எயினங்கொற்றனார் எழுந்து அவை நடுவே வந்தார். பின்பு குனிந்து கழலைக் கழற்றி மனைவியின் முன் வைத்து, ஊசிக்கு அஞ்சி ஓடியவன் தானே என்றும், மருந்தும் மருத்துவரும் மனைவியும் பழுதற்றவர் என்றும் அவையறியக் கூறினார். அவர் அஞ்சியதைப் பொறுப்பதாகவும், இல்லாத வலிக்குத் தம்மை ஒற்றடம் கொடுக்க வைத்ததைப் பொறுக்க இயலாதென்றும் அல்லியங்கோதை சொன்னார். கூவிய கழல்களில் ஒன்றும் அதன்பின் ஒலிக்கவில்லை.

மகப்பேறு அஞ்சியபடியே கொடிதாயிற்று. தாயையும் சேயையும் மீட்டவர், நாடு கடத்தப்பட இருந்த அதே மருதவாணர். அல்லியங்கோதை கண் விழித்த பின், ஏனாதியார் கழலின்றி, முரசின்றி, முன்வாசல் வழியே தனியே மருத்துவச்சாலை புகுந்தார். முடிந்ததும், இவ்வளவுதானா என்று கேட்டார். இவ்வளவே என்றார் மருத்துவர். படைகண்டு கலங்காதவர் அங்கேயே அமர்ந்து அழுதார். வலிக்கிறதோ என்று மருத்துவர் வினவ, இத்துணைச் சிறியதற்கு அஞ்சியோ அவளை இழக்க இருந்தேன் என்றார்.

ஆதலின் எம் ஆணை இது. இனிக் கழலைத் தருவது அரண்மனையன்று. ஓராண்டு சென்றபின், மனம் இசைந்தால், மனைவியர் தம் கையால் அணிவிப்பர். அல்லியங்கோதை இன்னும் அணிவிக்கவில்லை, ஏனாதியாரும் கேட்கவில்லை.

நிற்க. உம் ஆடவர் யாவரும் ஆயத்தம் என்று எழுதிய நீர், உம் பெயரை எழுத மறந்தீர். மறதி மானிட இயல்பே. இவ்வோலையை உம் கையில் தந்தவர் மருதவாணர். அவருடன் வந்த எயினங்கொற்றனார் இந்நேரம் உம் அரண்மனைப் பின்வாசலில் காவல் நிற்பார். அவ்வழியை அவரைப்போல் அறிந்தவர் இலர்.

நாரை இலச்சினை பொறித்தோம். ஓலையைத் தலைமேற்கொண்டு, வெந்நீர் ஆறுமுன் முன்வாசல் வழியே எழுந்தருள்க.