இறால் இல்லாத ஷிட்டோவில் இறால்

அனுப்புநர்:
எஸ்தர் டொகுவா ஒஃபொரி,
இல்லத்தரசி,
கொஃபொரிடுவா.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பதப்படுத்திய உணவு ஏற்றுமதி உதவி மையம்,
அக்ரா.

பொருள்: எங்கள் படத்தை ஒட்டி, இறால் கலந்த ஷிட்டோ மிளகாய் விழுதை 'இறால் இல்லை' என்று ஜெர்மனியில் விற்பதை நிறுத்தக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நானும் என் சபைச் சகோதரிகள் இருவரும் என் வீட்டு அடுப்படியில் ஷிட்டோ கிண்டி விற்கிறோம். நீரில் வாழ்பவற்றில் சிறகும் (துடுப்பும்) செதிளும் இல்லாததை வேதம் விலக்கியிருப்பதால் எங்கள் சபையார் இறால் உண்பதில்லை. மிளகாய், இஞ்சி, எண்ணெய், புகையிட்ட மீன்தூள், இவ்வளவுதான் சேர்க்கிறோம்.

2. சென்ற மார்ச்சில் தங்கள் அதிகாரி திரு. யாவ் பெப்ரா வீட்டுக்கு வந்தார். "இறால் இல்லாத ஷிட்டோவா? யாரும்மா சாப்பிடுவா?" என்று சிரித்தவர், ருசி பார்த்தபின் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். ஜெர்மனி உணவுக் கண்காட்சியில் அரசு செலவில் வைப்பதாகச் சொல்லி ஒரு பெட்டி பாட்டிலும், வெள்ளை முக்காட்டுடன் நாங்கள் மூவரும் நிற்கும் படமும் கொண்டுபோனார். எதைக் கொடுத்தாலும் ரசீது வாங்குவது என் வழக்கம். கேட்டேன். "அரசாங்கத்தையே சந்தேகப்படுறீங்களா மேடம்?" என்றார். ரசீது வரவில்லை.

3. திரும்பி வந்தவர், எங்கள் பாட்டிலை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்றார். ஆகஸ்டில், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள எங்கள் சபையின் சகோதரி லிடியா தொலைபேசியில், "ஏன் டொகுவா, ஓய்வுநாளும் அதுவுமா எங்கள இறால் தின்ன வச்சிட்டியே. உன் மூஞ்சியப் பாத்துத்தானே வாங்கினோம்" என்றார். அவர் மகளுக்கு இறால் ஒவ்வாது. உதடு வீங்கி, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். நாங்களோ அங்கே ஒரு பாட்டிலும் விற்றதில்லை.

4. ஊருக்கு வந்த ஒருவரிடம் லிடியா கொடுத்தனுப்பிய பாட்டில் என்னிடம் உள்ளது. படம் எங்களுடையது. 'இறால் இல்லை' என்ற வாசகமும் எங்களுடையது. தயாரிப்பு மட்டும் 'தங்கக் கரண்டி நிறுவனம், தேமா'. திறந்தால் விழுதுக்குள் இறால் மீசை கிடக்கிறது. அந்த வாசகத்துக்கு அங்கே கிராக்கி என்று எவரோ கண்டுகொண்டார். கிண்டியவர் கையோ பழக்கப்படி இறாலை அள்ளிப் போட்டிருக்கிறது.

5. கண்காட்சிக்குப் போன படம் அந்த நிறுவனத்துக்கு எப்படிக் கிடைத்தது? யாரும் ஏறெடுத்துப் பார்க்காத சரக்கை அவர்கள் ஏன் செய்ய வேண்டும்? நிறுவனத்தின் சொந்தக்காரர் திரு. பெப்ராவின் மைத்துனர் என்று சந்தையில் பேச்சு. நான் சொல்லவில்லை ஐயா, கேட்கிறேன்.

6. தங்கக் கரண்டியார் தாராளமாக விற்கட்டும். இறால் உண்டு என்று எழுதி, எங்கள் முகங்களை எடுத்துவிட்டு விற்கட்டும். அடுத்த சரக்கு தேமா துறைமுகத்தில் கப்பலேறக் காத்திருப்பதாகக் கேள்வி. அதை நிறுத்தவும், கடைகளில் இருப்பதைத் திரும்பப் பெறவும் தாங்கள் உத்தரவிட வேண்டும். எங்களை நம்பி இன்னொரு பிள்ளை அதை வாயில் வைக்கக்கூடாது.

தங்கள் பதிலைத் திரு. பெப்ரா கையில் கொடுத்தனுப்ப வேண்டாம் எனப் பணிவுடன் வேண்டுகிறேன். எங்கள் ஓய்வுநாளான சனிக்கிழமை தவிர எந்த நாளிலும் நானே அக்ரா வந்து வாங்கிக்கொள்வேன். பாட்டிலை இத்துடன் இணைக்கவில்லை. அதைத் தங்கள் மேசையில் என் கையாலேயே வைப்பேன்.

இடம்: கொஃபொரிடுவா
நாள்: 9 செப்டம்பர்

கர்த்தருக்குப் பயந்து உண்மையே எழுதியுள்ள,
(ஒப்பம்) எஸ்தர் டொகுவா ஒஃபொரி