கால் கழுவப் போன அடிகள் திரும்பிய செய்தி

நலம் நிலைபெறுக. சேலாறு இரு கரையும் தொட்டு ஓடுக.

வடகரை நீலவள நாடு முழுதுடைய, நாரைக்கொடி உயர்த்த, அல்லவை நீக்கி நல்லவை நாட்டிய எழினிமாதேவியாராகிய யாம், தென்கரைச் செம்பொறை நாடு முழுதுடைய, வேங்கைக்கொடி உயர்த்த, குன்றமும் கானமும் ஒரு குடையின்கீழ்க் காக்கும் அத்திவேள் அரசர் திருமுன்பு விடுக்கும் ஓலை. தேவரீர் நாட்டில் தினை முற்றுக, சுனை வற்றாதிருக்க, குடிகள் பிணியும் பகையும் அறியாது வாழ்க, தேவரீருக்கு மழைக்காலத்தில் வரும் முழங்கால் வலியும் தணிக. முழங்கால் செய்தியை எமக்குச் சொன்னவர் உப்பு வணிகர்தாம், ஒற்றர் அல்லர். ஐயுற வேண்டா.

எம் ஓலைநாயகம் கூத்தபிரான் அடைமொழி எழுதியே ஏட்டில் பாதியைத் தீர்த்துவிட்டான். இனி யாம் சொல்லச் சொல்ல, சொன்னபடியே எழுதக் கடவன் என்று ஆணையிட்டிருக்கிறோம். செய்தி இது. புன்னையடிகள் வந்துவிட்டார்.

இதைப் படிப்பவன் வாய் இவ்விடத்தில் நின்றிருக்கும். தேவரீர் அவையில் கூச்சலும் எழுந்திருக்கும். எழுந்தது அடங்கட்டும். இச்செய்தியால் இரு நாட்டுக்கும் இடையே என்ன அறுந்தது என்பதை இளைய அமைச்சர் சிலர் அறியாதிருக்கக்கூடும். அவர்கள் பொருட்டும், எம் ஆசை பொருட்டும், பழையதைச் சற்றுச் சொல்லிக்கொள்கிறோம்.

ஆற்றின் நடுவே உள்ள நடுத்திட்டில் முன்னாளில் ஆண்டுதோறும் புனல்விழா நடக்கும். தேவரீர் தந்தையாரும் எம் தந்தையாரும் அப்போது நண்பர். இரு நாட்டுக் கூடாரமும் ஒன்றன் கயிறு ஒன்றில் சிக்கும்படி நெருங்கி நிற்கும். பெரியவர்கள் நாளெல்லாம் வாழ்த்துரை கேட்டு உறங்க, நாம் இருவரும் காவலரை ஏய்த்துவிட்டுப் புன்னை மரத்தடிக் குடிசைக்கு ஓடுவோம். அங்கே அடிகள் பனங்கிழங்கு சுட்டுக்கொண்டிருப்பார். அந்நாளில் அவரை மகான் என்று யாரும் சொன்னதில்லை. வழிப்போக்கருக்குச் சோறிடும் ஒரு நல்ல மனிதர், அவ்வளவே. கிழங்கைக் கீறி நாரை உரித்து ஊதி ஊதித் தருவார். முன்பல் விழுந்திருந்ததால் தேவரீருக்குக் கடிக்க வராது. பாதியை எம்மிடம் நீட்டி மென்று தரச் சொல்வீர். அவர் தேவரீரை ஓட்டைப்பல்லன் என்றும், கீச்சுக்குரல் உடைய எம்மைச் சுண்டெலி என்றும் அழைப்பார். இப்பெயர்கள் நம் மூவருக்கு மட்டுமே தெரியும். அரச அவையில் இவற்றை எழுதுவிப்பதற்குப் பொறுத்தருள வேண்டும். காரணம் பின்னே வருகிறது.

பிறகு ஒரு வெள்ளத்தில் திட்டின்மேல் கரிய வண்டல் படிந்தது. விதைத்ததெல்லாம் விளையும் மண்ணாயிற்று. திட்டு எமது என்றார் எம் தந்தையார். எமது என்றார் தேவரீர் தந்தையார். கூடாரம் நின்ற இடங்களில் படைகள் வந்து நின்றன. இரு மன்னரும் விட்டுக்கொடுக்க மனமின்றி, கடைசியில் திட்டிலேயே வாழ்ந்த அடிகளை அழைத்து நடுவே நிறுத்தி, இது யாருக்கு என்று நீரே சொல்லும் என்றார்கள். தமக்கு இல்லையென்று வந்தால் வாள் எடுப்போம் என்பதையும் இருவரும் மறைக்கவில்லை. முழங்காலளவு சேற்றில் நின்ற அடிகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “கால் கழுவிட்டு வர்றேன், இருங்க” என்றார். நாணல் மறைவில் துறைக்கு இறங்கினார். வரவில்லை.

அன்று முழுதும் படைகள் காத்தன. மறுநாளும் காத்தன. வருகிறேன் என்று சொல்லிப் போன மனிதர் வருமுன்னே வெட்டிக்கொள்வது முறையாகுமா என்று இரு பக்கத்து முதியோரும் தடுத்தார்கள். அதற்குள் மழை பிடித்தது, ஆறு பெருகியது, படைகள் கரையேறின. அப்போது எழுதிய உடன்படிக்கையைத் தேவரீர் அறிவீர். “அடிகள் வருமளவும் இரு நாட்டு வாளும் உறையில் இருக்கக் கடவன, அடிகள் வருமளவும் இரு குலத்து அரசரும் ஆறு கடவாதிருக்கக் கடவர்.” அதனால் போர் இல்லை. அதனாலேயே தேவரீரைப் படைகள் கரையேறிய அன்று தந்தையார் தோளில் கண்டதற்குப் பின் யாம் கண்டதில்லை.

காத்திருந்தவர்கள் மெல்ல மெல்ல அடியார் ஆனார்கள். எம் கரைத் துறையில் கோயில் எழுந்தது. புலவர்கள் உரை எழுதினார்கள். கால் என்றது காலம் என்னும் சொல்லின் கடைக்குறை. ஆதலால் அடிகள் காலத்தையே கழுவித் தூய்மை செய்து, எல்லா வழக்குக்கும் தீர்ப்போடு எழுந்தருள்வார் என்பது அவ்வுரையின் சாரம். தேவரீர் கரையிலும் அதுவே ஓதப்படுவதாகக் கேள்வி. யாமும் அதை மனப்பாடமாக ஓதினோம். ஒருவர் வருவார், வந்து எல்லாவற்றையும் சரிசெய்வார் என்று நம்புவதில் எத்தனை சுகம் இருக்கிறது!

எம் கரையில் விழாநாள் பந்தியில் தலையிலை என்று ஒன்று போடுவது வழக்கம். முதல் இலையில் எல்லாம் பரிமாறி, ஆளில்லா மணைமுன் வைத்து, கோயில் தலைவர் “அடிகளே எழுந்தருள்க” என்று மும்முறை விளிப்பார். பின் அச்சோற்றை ஆற்றில் விட்டுவிட்டு மற்றவர் உண்பார்கள். இவ்வாண்டும் அவ்வாறே விளித்துக்கொண்டிருந்தபோது, கோலூன்றிய ஒரு கிழவர் துறைப்படி ஏறி உள்ளே வந்தார். பந்தி நிறைந்திருந்தது. அவர் கோலால் தடவித் தடவித் தலையிலையை அடைந்து, அடுத்திருந்த பூக்காரப் பெண்மணியிடம் பணிவாகக் கேட்டார்.

“இங்க யாராச்சும் வர்றாங்களா தாயி? உக்காரலாமா?”

அவள் பதறிக் கூடையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். அதைச் சம்மதமாகக் கொண்டு அவர் உட்கார்ந்து பருப்பைப் பிசையலானார். சோறு கண்ட இடத்தில் காலைக் கழுவிக்கொண்டு அமர்வது எல்லோர்க்கும் உள்ள பழக்கந்தானே? வாயிலிலிருந்து மணை வரை கற்றளத்தில் ஈரப் பாதச் சுவடு வரிசையாகப் பதிந்திருந்தது. முதலில் அதைக் கண்டவர் எழுந்தார். அவரைக் கண்டு மற்றவர் எழுந்தனர். அத்தனை பேர் கூடிய இடத்தில் மெல்லும் ஓசை ஒன்றே கேட்டது. சிலர் தரையில் விழுந்து வணங்கினார்கள். சிலர் அச்சத்தில் பின்வாங்கினார்கள். ஒருவர் மட்டும் அழுதுகொண்டே மோர் ஊற்றினார்.

கோயில் தலைவர் சினந்து, தலையிலையைத் தீண்டியவனை இழுத்தெறிக என்று கூவினார். காவலன் கிழவர் தோளில் கை வைத்தான். உண்பவர்மேல் கை வைக்காதே என்று யாம் உரக்கச் சொன்னோம். கிழவர் கையில் கவளத்தோடு எம் பக்கம் தலையைத் திருப்பினார்.

“யாரு, சுண்டெலியா? தொண்டை இன்னும் அப்படியே இருக்கே. ஓட்டைப்பல்லன் எங்க?”

அத்திவேளே, முடியும் பட்டும் அணிந்து, குடிகள் எல்லோரும் பார்த்திருக்க, அவர் இலைக்கு எதிரே தரையில் அமர்ந்து தேம்பி அழுதோம். அவர் எம் கையில் ஒரு வடையை வைத்தார்.

உண்டு முடித்ததும் பூக்காரப் பெண்மணிதான் துணிந்து, இத்தனை நாள் எங்கே சாமி போயிருந்தீங்க என்று கேட்டாள். “பக்கத்துலதான். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மாந்தோப்புல காவலுக்கு இருந்தேன்” என்றார். இங்கே யாரோ பெரிய மகானுக்கு விழா எடுக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் கேட்பாராம்; கையெடுத்துக் கும்பிட்டுக்கொள்வாராம். அது தாம்தான் என்று இலையில் உட்கார்ந்த பின்பும் அறியவில்லை. கண் மங்கி வருவதால், முழுதும் போகுமுன் திட்டை ஒருமுறை பார்க்க வந்தவர், பசித்ததால் பந்திக்கு வந்தார்.

மாலையில் அவையோர் சூழ யாமே கேட்டோம்: அன்று ஏன் திரும்பவில்லை? திட்டு யாருக்கு? அவர் சொன்னதைக் கூத்தபிரான் மாற்றாமல் எழுதுகிறான். “பயந்து ஓடிட்டேன் தாயி. யாருக்குன்னு சொன்னாலும் தலை உருளும்னு தெரிஞ்சுது. எனக்கு வேற வழி தெரியல. யாருக்குன்னு இப்பவும் தெரியல.”

அவையில் உரைவல்ல புலவர் ஒருவர் கடைக்குறை பற்றி ஏதோ தொடங்கினார். அடிகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அன்று காலில் சேறு நிறைய இருந்தது என்றார்.

எமக்குச் சிரிப்பு வந்தது; உடனே அச்சமும் வந்தது. விடை தெரியாத ஒரு மனிதருக்காகக் காத்திருந்தே நம் குடிகளில் ஒரு தலைமுறை வாளால் சாகாமல் வளர்ந்து, மணந்து, மூத்துவிட்டது. அவர் வந்ததும் நம் சொல் அறுந்தது. இன்று எக்கரைப் படை எழுந்தாலும் அது உடன்படிக்கை மீறல் ஆகாது.

அமைச்சரும் படைத்தலைவரும் கோயில் தலைவரும் கூடி ஒரு வழி சொன்னார்கள். கிழவன் போலி என்று பறையறைவித்து, உண்ணவும் உடுக்கவும் நிறையக் கொடுத்து, வண்டியில் ஏற்றி மலைக்கு அப்பால் விட்டுவிடலாம். உரையும் நிலைக்கும், உடன்படிக்கையும் நிலைக்கும். மறைக்க மாட்டோம், யாமும் இசைந்தோம். ஒரு நாட்டின் பிள்ளைகளைவிட ஒரு கிழவரின் பெயர் பெரிதோ என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு யாமே சொல்லப் போனோம். சொல்லத் தொடங்கியதுமே அவர் கோலைத் தேடினார். “அதுக்கென்ன தாயி, இப்பவே கிளம்பறேன். முன்னயும் நான் போனதுதானே உங்களுக்கு உதவுச்சு” என்றார். வாயிலை நோக்கியும் நடந்துவிட்டார். திட்டை அவர் இன்னும் பார்க்கவில்லை.

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க எம்மால் முடியவில்லை. ஊர் சோறு போட்டுக் காத்திருந்த மனிதரை, வந்ததற்காகத் துரத்துவதா? அப்படிக் காக்கும் அமைதி எமக்கு வெட்கமாயிருந்தது. கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டோம். படைத்தலைவர் எம்மோடு பேசாமல் இருக்கிறார். கோயில் தலைவர் உண்ணா நோன்பு என்கிறார்.

ஆகவே, ஒற்றர் வாயால் திரிந்து வருமுன் எம் வாயாலேயே உண்மையை விடுக்கிறோம். அடிகள் வந்தார்; உடன்படிக்கை முடிந்தது; தேவரீர் வாள் எடுக்கத் தடையில்லை. எம் பக்கம் யாம் செய்தது இது. திட்டை நோக்கித் துறையில் நின்ற எம் காவற்படை இன்று ஊர் திரும்பிவிட்டது. நாளை யாமும் அடிகளும் சமையற்காரி ஒருத்தியும் மட்டும் ஓடத்தில் சென்று, புன்னையடியில் கூடாரமிட்டு இருப்போம். கயிறு சிக்கும் தூரத்தில் இன்னொரு கூடாரத்துக்கு இடம் விட்டிருக்கும்படி சொல்லியிருக்கிறோம். அரசர் ஆறு கடவாமை என்னும் விதியும் அடிகளோடு முடிந்துபோயிற்று. போர் என்று வந்தால் மூவரைத்தான் காண்பீர். திட்டு யாருக்கு என்பதை நாம் இருவரும் இனி நாமேதான் பேசித் தீர்க்க வேண்டும். சொல்லித் தர வேறொருவர் வரப்போவதில்லை.

நாரைப்பொறி ஒற்றி அரக்கிட்ட இவ்வோலையைக் கொணர்பவனுக்கு வழியும் தீயும் சோறும் தருக. அவையோர் கேட்க ஒருமுறை படிக்கப்படுவதாக. பின் தேவரீர் தனித்திருந்து கண்ணால் ஒருமுறை படிப்பதாக. இது எழினிமாதேவியார் ஆணையும் வேண்டுகோளும்.

முத்திரை இட்ட பின் ஒரு வரி சேர்க்கச் சொன்னோம். ஓட்டைப்பல்லனுக்கு இன்னும் அதே முன்கோபமா என்று அடிகள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். இத்தனை காலம் ஒரே ஆற்றின் நீரைக் குடித்தும், எமக்கு விடை தெரியவில்லை. வந்து நீரே சொல்லும்.